முற்றவெளி: எதற்கு முன், யாருக்கு வெளி?

யாழ்ப்பாணத்துப் பேச்சில் முற்றம் வீட்டோடு சேர்ந்தது. வெளி எந்த வீட்டோடும் சேராதது. படலையைத் திறந்ததும் கால் படுகிற நிலம், விடியற்காலையில் கூட்டித் தண்ணீர் தெளிக்கிற நிலம் முற்றம். ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்கும்வரை மதிலும் மரமும் இல்லாமல் கிடப்பது வெளி. யாழ்ப்பாண நகரின் நடுவே, கோட்டைக்கும் கடைத்தெருவுக்கும் இடையில் கிடக்கிற நிலத்துக்கோ இந்த இரண்டு சொல்லையும் ஒட்டிப் பெயர் வழங்குகிறது: முற்றவெளி. ஒட்டக்கூடாத இரண்டும் ஒட்டிக்கொண்டது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

எங்கள் ஊரான உடுப்பிட்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவருக்கு வழி வெளியில் தொடங்கி வெளியில் முடிகிறது. ஊர் எல்லை தாண்டியதும் வல்லைவெளி. தொண்டைமானாற்று நீரேரி இரு பக்கமும் விரிய, நடுவில் வீதியும் பாலமும். மாரியில் தண்ணீர் வீதியோரத்தைத் தொடும். கோடையில் தரை உப்புப் பூத்துக் கிடக்கும். சைக்கிளில் போகிறவருக்கு அங்கே எப்போதும் எதிர்க்காற்றுத்தான். போகும்போது எதிர்க்காற்று என்றால் வரும்போது பின்காற்றாக வேண்டும் என்பது கணக்கு. அந்தக் கணக்கை வல்லைவெளி ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. வீதியோரத்தில் முனியப்பர் இருக்கிறார். பஸ்காரரும் லொறிக்காரரும் வேகத்தைக் குறைத்து, உண்டியலில் சில்லறை போட்டு, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டுதான் வெளியைக் கடப்பார்கள். பொழுதுபட்டால் அந்த வெளியைப் பற்றிச் சொல்லக் கதைகள் நிறைய உண்டு. வீடில்லாத இடத்தில் காவலுக்கு ஒருவர் வேண்டும் அல்லவா?

அங்கிருந்து ஆவரங்கால், புத்தூர், நீர்வேலி, கோப்பாய் என்று வழி போகிறது. நீர்வேலி, அச்சுவேலி, கட்டைவேலி, திருநெல்வேலி என்று குடாநாடு முழுக்க வேலிகள். இவை வேலிகளே; வெளிகள் அல்ல. ஒன்று அடைப்பது, மற்றது திறந்து கிடப்பது. ஒலி கிட்ட நிற்கிறது என்பதற்காக இரண்டையும் குழப்பும் இடப்பெயர் விளக்கங்களும் உண்டு, அவற்றை நம்பக்கூடாது. பயணத்தின் கடைசியில், ஆஸ்பத்திரி வீதி தாண்டிக் கோட்டைப் பக்கம் போனால் மறுபடியும் ஒரு வெளி. அங்கேயும் ஒரு முனியப்பர், கோட்டை அகழியின் ஓரமாக. ஊர்க்கோடியில் ஒரு வெளி, நகர நடுவில் ஒரு வெளி. இரண்டுக்கும் ஒரே தெய்வம் காவல். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரத்தின் ஐந்து மன்றங்களைச் சொல்கிறது. அவற்றில் ஒன்று வெள்ளிடை மன்றம். திறந்த வெளியில் மூட்டைகள் காவலின்றிக் குவிந்து கிடக்கும். திருடியவன் சுமையோடு சுற்றிக்கொண்டே இருப்பானே தவிர வெளியேற மாட்டான். இன்னொன்று பூத சதுக்கம். பொய்யரையும் வஞ்சகரையும் பாசக் கயிற்றால் கட்டி அடித்து உண்ணும் பூதம் அங்கே நின்றது. நகரத்துத் திறந்தவெளிக்குச் சுவர் இல்லை, பூட்டு இல்லை. அதனால் தெய்வம் வேண்டியிருந்தது. முற்றவெளி முனியப்பரை வணங்குகிறவர் சிலப்பதிகாரம் படித்திருக்க வேண்டியதில்லை.

வெளிகளைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஊர்ப் பெயரையும் தொடாமல் போக முடியாது. பிட்டி என்றால் எங்களுக்கு மேடு, மண்பிட்டி என்போம். சிங்களத்தில் பிட்டிய என்றால் வெட்டவெளி. விளையாட்டு மைதானத்தைக் கிரீடா பிட்டிய என்பார்கள். 1916இல் ஹோர்ஸ்பர்க் என்ற ஆங்கில அதிகாரி குடாநாட்டின் பல ஊர்ப்பெயர்களைச் சிங்களம் கொண்டு விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். அன்று தொடங்கிய வாதம் இன்றும் ஓயவில்லை. உடு என்பதற்குச் சிங்களத்தில் மேல் என்று பொருள். தமிழ் நிகண்டுகளில் விண்மீன். விண்மீன் மேடு என்று பொருள் சொல்லிப் பூரிப்பவரை எனக்குத் தெரியும். எனக்கு அது கவிதையாகப் படுகிறது, வரலாறாகப் படவில்லை. இரண்டு மொழிகள் ஒரே தீவில் பல நூற்றாண்டுகள் பக்கம் பக்கமாகப் புழங்கினால் நிலத்தைக் குறிக்கும் சொற்கள் இரண்டு பக்கமும் வேர் விடும். மேடும் வெளியும் இங்கே ஒன்றுக்கொன்று தூரமும் அல்ல: மழை வெள்ளம் நிற்கும் தாழ்நிலத்தில் கொஞ்சம் உயர்ந்த இடமே திறந்த தரையாகக் கிடக்கும். தேர்தல் காலத்தில் இந்தப் பெயர் நாடு முழுக்கக் கேட்டது. அது வேரைப் பற்றிய வாதத்தால் அல்ல, 1960 முதல் 1970 வரை உடுப்பிட்டித் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மு. சிவசிதம்பரத்தால். அவரை உடுப்பிட்டிச் சிங்கம் என்பார்கள். ஒலிபெருக்கி கெட்டுப் போனாலும் கூட்டத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கக்கூடிய குரல்.

இனி முற்றம். இலக்கணம் படித்தவர்களுக்கு முன்றில் என்ற சொல் நினைவிருக்கும்: இல்லின் முன் என்பது முன்பின்னாக மாறி முன்றில் ஆனது. நன்னூல் வழியில் இலக்கணப்போலிக்கு ஆசிரியர்கள் தவறாமல் எடுத்துக்காட்டும் சொல் அது. முற்றமும் அதே முன் என்ற அடியில் நிற்கிற சொல்தான். மலையாளத்திலும் முற்றம் முற்றமே. நெடுநல்வாடையில் அரண்மனையின் நிலவு பொழியும் முற்றம் வருகிறது. கோயிலில் திருமுற்றம் வருகிறது. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் நடுமுற்றம் வருகிறது. எங்கு வந்தாலும் அது தனியே வராது. மரம் தனியே நிற்கும், குளம் தனியே கிடக்கும். முற்றம் மட்டும் தனக்குப் பின்னால் ஒரு வீட்டையோ கோயிலையோ அரண்மனையையோ வைத்துக்கொண்டுதான் இருக்கும். முன் என்றால் எதற்கு முன் என்ற கேள்வி கூடவே வருகிறது.

யாழ்ப்பாணத்து வீட்டில் இந்த முன் மிகவும் துல்லியமானது. ஒழுங்கை, சங்கடப்படலை, முற்றம், விறாந்தை, உள்வீடு என்பது வரிசை. வருகிறவர் யார் என்பதைப் பொறுத்து அவர் நிறுத்தப்படும் இடம் மாறும். சிலரை விறாந்தைவரை, சிலரை முற்றத்தோடு, சிலரைப் படலைக்கு வெளியே. இந்த வரிசைக்குள் சாதி எத்தனை நூற்றாண்டு குந்தியிருந்தது என்பதை நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை. தைப்பொங்கலுக்குக் கோலம் போட்டு மூன்று கல் வைப்பது முற்றத்தில். கலியாணப் பந்தலும் செத்தவீட்டுப் பந்தலும் போடுவது முற்றத்தில். மிளகாயும் ஒடியலும் புளியும் காய்வது முற்றத்தில். முற்றத்து மல்லிகை மணக்காது என்ற பழமொழி, நம்முடையது என்பதாலேயே மதிப்பிழந்துபோகும் பொருளைச் சொல்கிறது.

உச்சரிப்பைப் பற்றி ஒரு சிறிய விலகல். தமிழ்நாட்டு மேடைத் தமிழில் முற்றம் என்பதில் ஒரு ரகரம் இழைந்து ஒலிக்கும். யாழ்ப்பாணத்து நாக்கு அந்த றகர இரட்டையை நுனிநாக்கை மேல்பல் முரசில் ஒற்றி, ரகரக் கலப்பே இல்லாமல் சொல்லும். முத்தமிடும் முத்தமாகவும் அது ஆகாது. ஆங்கிலப் பத்திரிகைகள் முற்றவெளியை எழுத்துக்கூட்டும்போது நடுவில் ஒரு ரகரத்தைச் செருகுகின்றன. அந்த ரகரம் கடல் தாண்டி வந்தது. யாழ்ப்பாணத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

இப்போது கோட்டைக்கு வருவோம், ஏனெனில் முற்றவெளி எதற்கு முன் என்பதன் முதல் விடை அதுதான். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கிய கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். ஐங்கோண வடிவில் புதிதாக எழுப்பி, புறக்கட்டுகளை 1792வரை கட்டிக்கொண்டிருந்தனர். கட்டி முடித்த மூன்றாம் வருஷம், 1795இல், ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். நூற்றாண்டுக்கு மேல் கட்டியதை மூன்று வருஷம்கூட முழுதாக அனுபவிக்கவில்லை. பீரங்கிக் கோட்டைக்கு மதிலும் அகழியும் மட்டும் போதாது. முன்னால் மறைவில்லாத சமநிலம் வேண்டும். மரம் நின்றால் எதிரி அதன் பின்னால் ஒளிவான். வீடு நின்றால் அதன் கூரையில் ஏறுவான். எனவே கோட்டைக்கும் ஊருக்கும் இடையே ஒன்றும் முளைக்க விடக்கூடாது. இதற்கு ஐரோப்பியர் வைத்த பெயர் எஸ்பிளனேட். சமப்படுத்துதல், தரைமட்டமாக்குதல் என்ற பொருளுள்ள இலத்தீன் வேரிலிருந்து இத்தாலியம், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பிற்காலத்தில் அது கடற்கரையோரம் உலாவும் இடத்தைக் குறிக்கும் நாகரிகச் சொல்லாகிவிட்டது. பிறந்தபோது அது பீரங்கிச் சொல்.

சென்னையிலும் இதே கதை நடந்தது. 1746 முதல் 1759 வரை பிரெஞ்சுக்காரரோடு நடந்த மோதல்களுக்கிடையே ஜோர்ஜ் கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரம் இடிக்கப்பட்டு, அந்த இடம் வெளியாக்கப்பட்டது. இதற்குள் யாரும் கட்டக்கூடாது என்று 1773இல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். அதில் ஒன்று பாரிமுனையில் இன்னும் நிற்கிறது. ஊர் மக்கள் அந்த இடத்துக்கு எஸ்பிளனேடு என்ற பெயரையே தமிழ் எழுத்தில் வைத்துக்கொண்டார்கள். கொழும்பில் அதே வகை நிலம் காலிமுகத்திடல் ஆனது. யாழ்ப்பாணம்தான் முற்றம் என்ற சொல்லை எடுத்தது. யாழ்ப்பாணம் மட்டுமல்ல, திருகோணமலையும். அங்கே பிரெட்றிக் கோட்டைக்கு முன்னால் கிடக்கும் நிலமும் முற்றவெளியே. இரண்டும் போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் திருத்திய கோட்டைகள். இரண்டுக்கும் முன்னால் ஒரே பெயருள்ள நிலம். பெயர் தற்செயலாக வந்து விழுந்தது அல்ல என்பதற்கு எனக்கு இந்தப் பொருத்தமே போதும். தமிழன் கோட்டையை ஒரு பெரிய வீடாகப் பார்த்திருக்கிறான்: அகழி வேலி, வாசல் படலை, முன்னால் முற்றம். அது தன் வீட்டு முற்றம் அல்ல என்பதால், படலைக்குப் புறத்தே போய்விட்ட முற்றம் என்பதால், பின்னால் ஒரு வெளியையும் ஒட்டிவிட்டான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பீரங்கிக்கு வேலையில்லாமல் போனது. வெளி மட்டும் மிஞ்சியது. வேல்ஸ் இளவரசர் 1875இல் இலங்கைக்கு வந்ததன் நினைவாக மணிக்கூட்டுக் கோபுரம் எழுந்தது. வரைந்தவர் ஸ்மிதர் என்ற கட்டடக் கலைஞர், கட்டி முடிந்தது 1882இல். இருபதாம் நூற்றாண்டில் சுற்றிச் சுற்றி மற்றவை வந்தன: நகர மண்டபம், ரீகல் தியேட்டர், சுப்பிரமணியம் பூங்கா, வீரசிங்கம் மண்டபம், விளையாட்டரங்கு, 1959இல் திறந்த பொது நூலகம். நூலகத்தை வரைந்தவர் சென்னையிலிருந்து வந்த நரசிம்மன். இந்தக் கட்டடங்களின் முகங்கள் எல்லாம் வெளியைப் பார்த்தே அமைந்தன. அப்போதுதான் ஒரு பெரிய மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது: முற்றம் அதே முற்றம், வீடு மாறிவிட்டது. கோட்டையின் முன்புறமாக இருந்தது நகரத்தின் முன்புறமாயிற்று. எங்கள் வடமராட்சியிலிருந்து பஸ் ஏறி வந்தவர்களுக்கும் அது சொந்த முற்றமாக இருந்தது. ரீகலில் ஆங்கிலப் படம், பூங்காவில் பிள்ளைகள், வெளியில் கூட்டம். கூட்டத்துக்குப் போனவர்களுக்குப் பேச்சாளர் என்ன பேசினார் என்பது மறந்து போனாலும், பழைய கொப்பித் தாள் சுருளில் வாங்கிய சூட்டுக் கச்சானும், புல்லில் விரித்த லேஞ்சியில் ஒட்டிய சிவப்பு மண்ணும் நினைவிருக்கும். கச்சான் முடிந்தபின் சுருளைப் பிரித்து அதில் யாருடைய கணக்குப் பாடம், எத்தனை பிழை என்று பார்ப்பது ஒரு தனிப் பொழுதுபோக்கு.

1974 ஜனவரியில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு யாழ்ப்பாணத்தில் நடந்தது. 10ஆம் திகதி வீரசிங்கம் மண்டபத்துக்கு முன்னால், முற்றவெளியை நிரப்பிச் சனம் உட்கார்ந்திருந்தபோது பொலிஸார் உள்ளே நுழைந்தனர். கண்ணீர்ப்புகை, சூடு, அறுந்து விழுந்த மின்கம்பி. தமிழைக் கேட்க வந்த சனம் மின்சாரம் பாய்ந்து செத்தது. அவர்களுக்கான நினைவுத் தூண்கள் முற்றவெளியில்தான் நிற்கின்றன. வருஷம்தோறும் ஜனவரி 10இல் அங்கே விளக்கு எரிகிறது. செத்தவீட்டுப் பந்தல் முற்றத்தில் போடுவது எங்கள் வழக்கம் என்று மேலே எழுதினேன்.

1981இல், மே முடிந்து ஜூன் தொடங்கும் நாட்களில் நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள். அதைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. அதற்குப் பிந்திய காலத்தைத்தான் சொல்லாராய்ச்சிக்காரன் கவனிக்க வேண்டும். 1985க்குப் பின் கோட்டைக்குள் அரச படையினர், கோட்டையைச் சுற்றித் தமிழ் ஆயுத இயக்கங்களின் காவல். எதிரெதிர்த் துப்பாக்கிகளுக்கு நடுவே இருந்த கட்டடங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. 1990 ஜூனில் தொடங்கிய முற்றுகை செப்ரெம்பர் 26இல் படையினர் கோட்டையை விட்டு வெளியேறும்வரை நீடித்தது. அந்த மாதங்களில் முற்றவெளி பதினேழாம் நூற்றாண்டுப் பொறியியலாளன் விரும்பிய இடமாகவே திரும்பி ஆகிவிட்டது: மறைவில்லாத, மனிதர் தலைகாட்டாத சுடுவெளி. தமிழ்ப் பெயர் இருநூறு வருஷமாக மூடி வைத்திருந்த எஸ்பிளனேட் என்ற சொல்லின் பழைய பொருள் அந்த நிலத்தில் மேலே வந்து நின்றது. முற்றம் போய்விட்டது, வெளி மட்டும் கிடந்தது. எதற்கு முன் என்ற கேள்விக்கும் விடை இல்லாமல் போயிற்று, ஏனெனில் பின்னால் நின்ற மண்டபமும் தியேட்டரும் நூலகமும் கூரை இழந்து நின்றன. பிறகு கோட்டையும் உள்ளே உடைக்கப்பட்டது. ஒல்லாந்தர் 1706இல் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம் கற்குவியலாயிற்று.

மீளக் கட்டிய கதை துண்டு துண்டானது, ஒரே திட்டமாக நடந்தது அல்ல. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானிய உதவியோடு மணிக்கூடு ஓடத் தொடங்கியது. 2003இல் நூலகம் திறந்தது. வெள்ளைக் கும்மட்டம் அப்படியே, உள்ளே இருந்த ஓலைச் சுவடிகள் மட்டும் திரும்பி வரவில்லை. போர் முடிந்தபின் நெதர்லாந்துப் பணத்தில் கோட்டை மதிலைத் திருத்தினார்கள். உடைத்த மதிலைக் கட்ட ஒல்லாந்தரே காசு அனுப்பியதைக் கேட்டு எங்கள் ஊரில் ஒரு கிழவர், கட்டினவனிட்டை உத்தரவாதப் பத்திரம் இருந்திருக்கும் என்றார்.

பெயர்களும் புதிதாக வந்தன. தமிழ் அரசியல் தலைவர் தந்தை செல்வாவின் நினைவுத் தூபி நிற்கும் இடத்தைத் தந்தை செல்வா சதுக்கம் என்கிறார்கள். நகரத்தின் பேச்சில் சதுக்கம் என்ற சொல் பிடித்து நிற்பது அந்த மூலையில்தான். கொழும்பில் சுதந்திர சதுக்கம் உண்டு. அது அரசு வைத்த பெயர், வானொலியில் கேட்கும் சொல். சிலப்பதிகாரத்துப் பூதம் நின்ற இடம் என்றாலும், நான்கு தெருக்கள் கூடுமிடம் என்ற அதன் பழைய பொருள் எவர் வாயிலும் இல்லை. எங்களுக்கு அது சந்தி. உடுப்பிட்டிச் சந்தி, நெல்லியடிச் சந்தி என்போம். உடுப்பிட்டிச் சதுக்கம் என்று சொன்னால் கேட்கிறவர் சிரிப்பார்.

நூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய அரசின் நன்கொடையில் ஒரு பண்பாட்டு மையம் எழுந்து, 2023 பெப்ரவரியில் மக்களுக்குக் கையளிக்கப்பட்டது. யாழ்ப்பாணக் கலாசார மையம் என்று பெயர். 2025 ஜனவரியில் அது திருவள்ளுவர் கலாசார மையம் ஆனது. திருவள்ளுவரை யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் யாழ்ப்பாணம் எங்கே போனது என்று சனம் கேட்டது. சில நாளில் யாழ்ப்பாணத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். பெயர்ப் பலகையை மாற்றுவது கட்டடத்தை மாற்றுவதைவிட மலிவு என்று அதிகாரிகள் நினைக்கிறார்கள். ஊரவருக்கு அது அப்படி இல்லை. முற்றவெளியைச் சுற்றி நிற்கும் எல்லாவற்றையும் விட உயரமான அந்தக் கட்டடத்தின் முன் நிற்கும்போது, இந்த முற்றம் இப்போது எதற்கு முன் என்று கேட்கத் தோன்றுகிறது. கோட்டைக்கா, நூலகத்துக்கா, மையத்துக்கா? மூன்றும் வெவ்வேறு நாட்டுக் காசும் வெவ்வேறு காலத்துக் கையும் பட்டவை.

வெளி என்ற சொல்லும் இதற்கிடையில் எங்கள் ஊரில் இன்னொரு பொருளை எடுத்துக்கொண்டது. பிள்ளைகள் எங்கே என்று கேட்டால், எல்லாரும் வெளியிலை என்பார்கள். அந்த வெளி கனடா, லண்டன், பிரான்ஸ். வெளிக்காசு, வெளியிலை இருந்து வந்தவை, வெளி மாப்பிள்ளை என்று அது தாராளமாகப் புழங்குகிறது. வல்லைவெளியின் வெளி இப்போது இளையவர் காதில் நிலமாக ஒலிக்கிறதா என்பதே சந்தேகம்.

அதன் அடையாளத்தைச் சுவரொட்டிகளில் பார்க்கலாம். 2024 பெப்ரவரியில் பாடகர் ஹரிஹரனின் இசை நிகழ்ச்சிக்குக் கூட்டம் தடுப்புகளை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்த செய்தியில் இடம், முற்றவெளி மைதானம். கண்காட்சி அறிவிப்பிலும் விளையாட்டுச் செய்தியிலும் முற்றவெளி மைதானம். மைதானம் பாரசீகத்திலிருந்து வந்த நல்ல சொல், அதன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் வெளி என்பதே மைதானந்தானே. நடுச்சென்டர் என்று சொல்வதுபோல இருக்கிறது. என் கையில் வரும் எந்தக் கட்டுரையிலும் முற்றவெளிக்குப் பின்னால் மைதானம் நின்றால் அதை வெட்டிவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புகிறேன். அடுத்த வாரம் அதே ஆள் அதே சொல்லோடு இன்னொரு கட்டுரை தருகிறார்.